கீழ்வீட்டுப் பதில்

வாங்க தம்பி, வாங்க. செருப்பை உள்ளேயே விடுங்க, வெளியில விட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும். வீட்டுக்காரர் காலையிலேயே போன் பண்ணிட்டார், ஒருத்தர் வீடு பார்க்க வர்றார்னு. பாருங்க. ஹால், ஒரு ரூம், சமையக்கட்டு, பாத்ரூம். அவ்வளவுதான். நடுவுல நின்னு ஒரு சுத்து சுத்தினா முடிஞ்சது.

என்ன கேட்டீங்க? மாடியிலேர்ந்து சத்தம் வருமாவா?

உட்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உட்காருங்க.

இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் தண்ணி எப்ப விடுவாங்க, பைக் எங்க நிறுத்தறதுன்னுதான் கேட்டாங்க. சத்தத்தைப் பத்தி நீங்கதான் முதல்ல கேட்கறீங்க. கேட்டதால சொல்றேன். அந்தச் சுவத்துல காதை வைங்க. சும்மா வைங்க. கேட்குதா? பக்கத்து வீட்டுல மாவு சலிக்கிறாங்க. குக்கர் இல்ல, மிக்ஸி இல்ல, மாவு சலிக்கிறது. அப்படின்னா மேல்வீட்டுல ஒருத்தர் தரையை ஓங்கி உதைச்சா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

மேலே பாருங்க. குழி குழியா காரை பேர்ந்திருக்கே, மழைத் தண்ணி இறங்கினது இல்ல அது. நான் பண்ணினது. ஒட்டடைக் கம்பைத் திருப்பிப் பிடிச்சு, மூணு மாசம், தினம்.

எனக்கு ரொட்டிக் கம்பெனியில நைட் டியூட்டி, தம்பி. இருபத்திரண்டு வருஷம். மாவு பிசையற மிஷின் என் பொறுப்பு. அந்தச் சத்தம் எப்படின்னா, காலையில வெளியில வந்த பிறகும் ஒரு மணி நேரம் காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். ஏழு மணிக்கு வீடு, குளியல், எட்டு மணிக்குப் படுக்கை. சம்சாரம் பொண்ணு வீட்டோட போயிட்டா. பகல் பூரா செத்தவனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க என்னால ஆகாதுன்னு சொல்லிட்டுப் போனா. தப்பு சொல்ல மாட்டேன். ஆக எனக்குன்னு இருந்தது அந்தத் தூக்கம் ஒண்ணுதான். அதைப் புரிஞ்சுக்கங்க. அதைப் புரிஞ்சுக்கிட்டாத்தான் மீதியும் புரியும்.

போன பங்குனியில மேல்வீட்டுக்கு ஒரு ஜோடி குடி வந்தது. ஜெயசீலன்னு பேர், தையல்காரர், வீட்டோடயே மிஷின் போட்டு ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிறவர். அவர் சம்சாரம் தமயந்தி. பிள்ளைங்க இல்ல. நான் அவங்க முகத்தைக்கூடப் பார்த்ததில்ல. அவங்க முழிச்சிருக்கிற நேரம் நான் தூங்கறேன், நான் கிளம்பற நேரம் அவங்க கதவைச் சாத்திடறாங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சத்தம்தான். பாத்திரம் விழும். நாற்காலியை இழுப்பாங்க. குக்கர் ஏழு விசில், எட்டு விசில், பத்து விசில், யாரும் அணைக்க மாட்டாங்க. அதையெல்லாம்கூட விடுங்க. தரையை உதைப்பாங்க தம்பி! தொம் தொம்னு ரெண்டு. கொஞ்ச நேரம் கழிச்சு வேற பக்கத்துலேர்ந்து தொம் தொம். மனுஷன் நடக்கிற சத்தம் இல்ல அது. வேணும்னே குதிகாலால ஓங்கி மிதிக்கிற சத்தம்.

நான் கம்பால திருப்பித் தட்டுவேன். தட்டினா ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் யாரோ ஓடற மாதிரி கேட்கும், மறுபடியும் மிதி. என்னடா இது, நான் தட்டத் தட்ட ஜாஸ்தி பண்றானுங்களே, எவ்வளவு திமிர் இருக்கணும்! அப்படித்தானே நினைக்கத் தோணும்? நீங்களா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க.

மேலே ஏறிப்போய்க் கேட்டிருக்கலாமேன்னு நீங்க கேட்கலாம். கேட்டிருக்கலாம். பதினெட்டுப் படி. எனக்கு நேர்ல சண்டை போட வராது தம்பி. எழுத வரும். எட்டாங்கிளாஸோட நின்னவன்தான், ஆனா ரொட்டி வேகற நேரத்துல உட்கார்ந்து படிச்சே தமிழை ஒரு கை பார்த்தவன். கம்பெனியில யாருக்கு மனு எழுதணும்னாலும் என்கிட்டதான் வருவாங்க. அதனால குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். “மேற்படி இல்லத்தார் அல்லும் பகலும் தரையை உதைத்து, பகல் உறக்கம் ஒன்றையே நம்பிப் பிழைக்கும் உழைப்பாளி ஒருவரின் உயிரை அணு அணுவாக உறிஞ்சி வருகின்றனர்.” இப்படி ரெண்டு பக்கம். கடைசியில ஒரு வரி: “எனது பெயரை அவர்களிடம் வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.”

சங்கச் செயலாளர் துரைக்கண்ணு, மின்வாரியத்துல இருந்து ரிட்டையர் ஆனவர். சங்கக் கூட்டத்துல அதைப் படிச்சுட்டு மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார்.

“ரொம்ப ஜோரா எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது போல. அவங்க ரெண்டு பேருக்கும் காது கேட்காதுங்க. வாய் பேச்சும் இல்ல. ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடணும்னா தரையை மிதிப்பாங்க. அந்த அதிர்வு கால்ல தெரியுமாம், திரும்பிப் பார்ப்பாங்களாம்.”

அந்த இடத்துல நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தினேனா? கூட்டத்துல பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாங்க. என் கடிதத்தைப் படிச்சு எல்லாரும் ஆகா ஓகோன்னிருந்தாங்க. அந்த மிதப்புல இருந்தேன். “காது கேட்காதுன்னா சரி சார், காலைக் கொஞ்சம் அடக்கி வைக்கக் கூடாதா? மிதிக்காம இருந்தா குடி முழுகிடுமா?”ன்னு கேட்டேன். நாலு பேர் சிரிச்சாங்க. சிரிச்சதும் எனக்கு நல்லா இருந்தது.

துரைக்கண்ணு ஒரு தாள்ல பக்குவமா எழுதி, அக்கம்பக்கத்துல சிரமப்படறாங்கன்னு மட்டும் சொல்லி, மேல்வீட்டுல கொடுத்தார். அவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? மறுநாளே கடைக்குப் போய், சின்னப் பிள்ளைங்க ஸ்கூல்ல தரையில போடுவாங்களே, ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கற ரப்பர் அட்டை, கலர் கலரா, அதை வாங்கிட்டு வந்து ஹால் பூரா, ரூம் பூரா பரப்பிட்டாங்க. நாற்காலிக் கால்ல துணி சுத்தினாங்க. கூப்பிடறதுக்கு மிதிக்கிறதை விட்டுட்டு லைட் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைச்சிருக்காங்க. ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லல. எங்களால யாருக்கு சிரமம்னு கேட்டு, மன்னிக்கணும்னு எழுதிக் கொடுத்தாங்களாம். துரைக்கண்ணு என் பேரைச் சொல்லல. நான்தானே வேண்டாம்னு எழுதியிருந்தேன்.

நாற்பது நாள் தூங்கினேன். நல்ல தூக்கம்.

ஆடி மாசம், ஒரு புதன்கிழமை. பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். பாத்ரூமுக்கு நேர் மேலே தொம்னு பெருசா ஒரு சத்தம். அப்புறம் தொம், தொம், தொம். நிறுத்தி நிறுத்தி. பாத்ரூம்ல ரப்பர் அட்டை கிடையாது இல்லையா, சிமெண்ட் தரை, அப்படியே இறங்குது. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சது. ஆரம்பிச்சுட்டாங்கடான்னு எழுந்தேன். கம்பை எடுத்தேன். பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அது மேல ஏறி நின்னு, என் பலத்தையெல்லாம் சேர்த்து மோட்டுல அஞ்சு தட்டுத் தட்டினேன்.

சத்தம் நின்னுடுச்சு.

டக்குனு நின்னுடுச்சு தம்பி. ஒரு சின்னச் சத்தம்கூட இல்ல. நான் பக்கெட் மேல நின்னுக்கிட்டு, “அப்படி வா வழிக்கு”ன்னு சொன்னேன். வாய் விட்டே சொன்னேன். போய்ப் படுத்தேன். அன்னிக்குத் தூங்கின மாதிரி ஒரு தூக்கம் எனக்கு எத்தனையோ வருஷத்துல வாய்ச்சதில்ல. அந்தத் தூக்கம் அவ்வளவு சுகமா இருந்ததுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல. நீங்க யாரோ எவரோ, அதனாலயா இருக்கும்.

அஞ்சு மணிக்கு மாடிப்படியில ஒரே ஆளுங்க. கதவைத் திறந்தேன். ஸ்ட்ரெச்சர்ல அந்தம்மாவை இறக்கிட்டு வர்றாங்க. பின்னாடி ஜெயசீலன், சட்டையெல்லாம் ஈரம். அந்தம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்புப் பூட்டு கழண்டிருக்கு. கதவு உள்தாழ்ப்பாள். அவர் ஹால்ல மிஷின்ல இருந்திருக்கார், அந்த ரப்பர் அட்டை மேல காலை வெச்சுக்கிட்டு. அவருக்கு ஒண்ணும் தெரியல. துணி துவைக்கிறா போலன்னு நினைச்சு, பன்னிரண்டு மணிக்கு யூனிபார்ம் கட்டைத் தூக்கிட்டுக் கடைக்குப் போயிட்டார். அங்க கணக்கு முடிய நாலு மணி ஆகியிருக்கு. திரும்பி வந்துதான் கதவை உடைச்சிருக்கார். உடனே கொண்டு வந்திருந்தா கால் தேறியிருக்கும்னு டாக்டர் சொன்னாராம்.

ஸ்ட்ரெச்சர் என் வாசலைத் தாண்டறப்ப அந்தம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாங்க. கையைத் தூக்கி என்னைக் காட்டினாங்க. அப்புறம் முஷ்டியை மடக்கி, காத்துல தட்டற மாதிரி தட்டிக் காட்டினாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.

நான் கதவைச் சாத்திட்டேன்.

என்ன நினைச்சேன்? மாட்டிக்கிட்டேன்னு நினைச்சேன். இவன் கேட்டுக்கிட்டே சும்மா இருந்தான்னு சொல்றாங்கன்னு நினைச்சேன். போலீஸ் வருமோ, துரைக்கண்ணு அந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்துடுவாரோன்னு பதினோரு நாள் தெருவுல தலையைக் குனிஞ்சுக்கிட்டே போய் வந்தேன். அந்தம்மாவுக்கு எப்படி இருக்குன்னு நினைச்சதைவிட எனக்கு என்ன ஆகும்னு நினைச்சதுதான் ஜாஸ்தி. ஒளிக்காம சொல்றேன்.

பன்னிரண்டாவது நாள் துரைக்கண்ணு கீழ நிக்க வெச்சுக் கேட்டார். “வீட்டுக்கு வந்துட்டாங்கய்யா. அந்தம்மா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்களாம், ஒரு எட்டு போய்ப் பார்க்கலையா?”

போனேன். கம்பெனி ரொட்டி ரெண்டு பாக்கெட் எடுத்துக்கிட்டுப் போனேன். பதினெட்டுப் படி ஏற எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேட்காதீங்க.

விழுப்புரத்துலேர்ந்து அந்தம்மாவோட அக்கா வந்திருந்தாங்க, சுலோச்சனான்னு. அவங்களுக்குக் காது கேட்கும், தங்கச்சி கைப்பேச்சும் தெரியும். தமயந்தி கட்டில்ல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தாங்க. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது பாருங்க, நான் திரும்பிப் பார்த்தேன், பின்னாடி வேற யாராவது வர்றாங்களான்னு. ரெண்டு கையையும் நீட்டி என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அப்புறம் விரலெல்லாம் பறக்குது. அக்கா சொல்றாங்க:

“நீங்கதான் தெய்வம் மாதிரிங்கறா. தரையில கன்னத்தை வெச்சுக்கிட்டு கெடந்தாளாம். காலால ஒதைச்சு ஒதைச்சுப் பார்த்தாளாம், அவரு வரல. அப்ப கன்னத்துக்கு அடியில தட்டுச்சாம். அஞ்சு தடவ. கீழ ஒருத்தருக்குத் தெரிஞ்சுடுச்சு, ஆளக் கூட்டிக்கிட்டு வருவாருன்னு நெனச்சாளாம். அதோட ஒதைக்கிறத நிறுத்திட்டாளாம். பயமே போயிடுச்சுங்கறா.”

நான் ரொட்டி பாக்கெட்டை அக்கா கையில கொடுத்தேன்.

அந்தம்மா நிறுத்தல. சிரிக்கிறாங்க வேற. அக்காவும் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: “முன்னாடியும் நீங்கதான் தட்டுவீங்களா? அப்பல்லாம் இவ, புருஷந்தான் கூப்புடறாருன்னு ஓடுவாளாம். அவரு, நான் கூப்புடலடின்னு கையை ஆட்டுவாராம். அவரு ஓடியாருவாராம், இவ இல்லம்பாளாம். மூணு மாசமா ரெண்டு பேருக்கும் இதே சண்டை! இப்பத்தான் தெரிஞ்சுதாம், நீங்க அப்பவே இவங்களோட பேசப் பார்த்திருக்கீங்கன்னு.”

பேசப் பார்த்திருக்கேன்.

அப்பத்தான் ஜெயசீலனைக் கவனிச்சேன். மூலையில மிஷின் பக்கத்துல தரையில உட்கார்ந்து, சுவத்துல இருந்த ஒரு பல்பையே பார்த்துக்கிட்டிருந்தார். அவங்க வீட்டுல காலிங்பெல் அழுத்தினா மணி அடிக்காது, பல்பு எரியும். அக்கா குரலைத் தாழ்த்தினாங்க. “இந்த மனுஷன் பத்து நாளா சரியாச் சாப்புடல. நீங்க மேல வந்து பெல் அடிச்சிருப்பீங்க, தான்தான் மிஷின்ல குனிஞ்சுக்கிட்டு லைட்டப் பார்க்காம உட்டுட்டோம்னு தலையில அடிச்சுக்கறாரு.”

யாரும் அழுத்தாத பெல், தம்பி. அதுக்கு அந்த மனுஷன் பட்டினி கிடக்கிறார்.

அதுக்கு மேல என்னால முடியல. சொல்லிட்டேன். அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நான் பெல் அடிக்க வரவே இல்லம்மா. நான் தட்டினது உதவிக்கு இல்ல, வாயை மூடுன்னு தட்டினேன். தட்டிட்டுப் போய்த் தூங்கிட்டேன். இந்த ரப்பர் அட்டை போட வெச்ச கடிதமும் நான் எழுதினதுதான். அவங்ககிட்ட சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க.

அக்கா என்னையே பார்த்தாங்க. கையில இருந்த ரொட்டி பாக்கெட்டைக் கீழ வெச்சாங்க. தங்கச்சி பக்கம் திரும்பிக் கையை ஆட்ட ஆரம்பிச்சாங்க. நான் தமயந்தி முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். இப்ப மாறும், இப்ப மாறும்னு. மாறல. தலையை ஆட்டிக்கிட்டே பார்த்தாங்க, ஜெயசீலனைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. அவர் எழுந்து வந்தார், பல்பைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார்.

படியில இறங்கறப்ப அக்கா பின்னாடியே வந்தாங்க. கேட்டேன், “சொன்னீங்களாம்மா?”

“சொன்னேன். அன்னிக்குன்னு பார்த்து பல்பு எரியல, நீங்க வந்து அழுத்தி அழுத்திப் பார்த்துட்டு, ஆளில்ல போலன்னு ஆளத் தேடி வெளிய ஓடினீங்கன்னு சொன்னேன்.”

“ஏம்மா? நான் சொன்னது அது இல்லையே.”

“நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சுய்யா, எனக்குக் காது இருக்கு.” அதுவரைக்கும் நீங்க, வாங்கன்னு பேசினவங்க. “எந்தங்கச்சி அஞ்சு மணி நேரம் அந்த ஈரத்துல கெடந்தா. பயமே இல்லங்கறா. ஏன்? யாரோ வர்றாங்கன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தா. இப்ப நான் போயி, இல்லடி, அந்த ஆளு உன்னை மூடிக்கிட்டு கெடன்னு தட்டினான்னு சொன்னா, அந்த அஞ்சு மணி நேரத்தையும் அவ மறுபடியும் தனியா கெடக்கணும். உன் மனசு லேசாவறதுக்கு அவ ஏன் அங்க போயிப் படுக்கணும்? காலு போனது போதும். உனக்கு பாரமா இருந்தா நீயே தூக்கு.”

இறங்கி வந்துட்டேன். அப்புறம் அவங்க ஊருக்குப் போற வரைக்கும் என்னோட பேசல. ஆனா போறதுக்கு முதல் நாள் கதவைத் தட்டி மேல்வீட்டுச் சாவி ஒண்ணைக் கையில வெச்சாங்க. “அவரு கடைக்குப் போற நேரத்துல அவ தனியாத்தான் குளிக்கணும். உன்ன நம்பித்தான் குளிப்பேங்கறா. நான் என்னாத்த சொல்ல?”ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அதுலேர்ந்து நடக்கறதைச் சொல்றேன். காலையில பதினோரு மணிக்கு, பாத்ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி, அந்தம்மா வாக்கர் காலால பாத்ரூம் சிமெண்ட் தரையில மூணு தட்டுவாங்க. நான் கீழேர்ந்து மூணு தட்டணும். தட்டினாத்தான் உள்ள போவாங்க. குளிச்சு வெளியில வந்ததும் ரெண்டு தட்டு, நான் ரெண்டு. அந்த ரெண்டு வரலைன்னா சாவியை எடுத்துக்கிட்டு நான் ஓடணும். அவங்க தாழ்ப்பாள் போடறதில்ல இப்ப. எட்டு மணிக்குப் படுத்தா பத்தரைக்கு அலாரம். அப்புறம் தூக்கம் எங்க வருது? போன மாசம் மிஷின் பக்கத்துல நின்னுக்கிட்டே கண் அசந்துட்டேன், சூப்பர்வைசர் பிடிச்சு இழுத்தார், இல்லைன்னா கை உள்ள போயிருக்கும். ஞாயித்துக்கிழமைன்னா மேலேர்ந்து குழம்பு வேற வந்துடும். அதைச் சாப்பிட்டுப் பாருங்க நீங்க, தொண்டையில இறங்குதான்னு.

அதான் காலி பண்றேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் ஆள் அனுப்பிக்கிட்டே இருக்கார். முதல்ல வந்தவங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, பகல்ல யார் தட்டறது? வேண்டாம்னுட்டேன். அடுத்து வந்தது காலேஜ் பசங்க. மூணாவது ஆள் காதுல எந்நேரமும் அந்தப் பாட்டுக் கேட்கிற குமிழைச் சொருகிக்கிட்டு இருக்கிறவர்.

நீங்க வீட்டுலேர்ந்தே கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கிறவர்னு வீட்டுக்காரர் சொன்னார். உங்க சம்சாரமும் வீட்டுலதான். பொருத்தமா இருக்கீங்க. ரொம்பப் பொருத்தம்.

என்ன சொன்னீங்க?

அதுக்கென்ன சார், நாங்க தட்டறோம், இதெல்லாம் ஒரு உதவியாங்கறீங்க. சுலபமாச் சொல்லிட்டீங்க. தட்டுவீங்க தம்பி. உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது. ஒரு நாள்கூடத் தவற மாட்டீங்க. உங்க சம்சாரம் மேலே போய் அந்தம்மாகூட உட்கார்ந்து கைப்பேச்சுகூடக் கத்துக்குவாங்க. நான் போயிட்டா அவங்களுக்கு ஒரு குறையும் இருக்காது.

அதைத்தான் என்னால தாங்க முடியல. நான் தினம் மூணு, ரெண்டுன்னு தட்டிக்கிட்டிருக்கேனே, அதையெல்லாம் உங்ககிட்டக் கொடுத்துட்டுப் போனா, என் பங்குக்கு என்ன மிஞ்சும்? அந்த அஞ்சு தட்டு மட்டும்தான் மிஞ்சும்.

கோவிச்சுக்காதீங்க. வீட்டுக்காரர் கேட்டா, பாத்ரூம்ல ஒழுகுது, பிடிக்கலைன்னு சொல்லிடுங்க. பின் தெருவுல ஒரு வீடு காலியா இருக்கு, இதைவிட நல்லாவே இருக்கும், அங்க போய்ப் பாருங்க. கிளம்புங்க தம்பி. மணி பதினொண்ணாகப் போகுது, நான் பக்கெட்டைக் கவுக்கணும்.